உள்ளே போகாத பசை

ஊசியை வெளியே இழுத்தபோது அதன் முனை காய்ந்திருந்தது.

முனைத் துளையில் வெள்ளை மரத்தூள் அடைத்துக்கொண்டிருந்தது. பசை பட்ட அடையாளமே இல்லை. ஆனால் ஊசியின் அடிப்பக்கம், சிரிஞ்சோடு சேரும் இடத்தில், தேன் மாதிரி பசை வழிந்து என் கட்டைவிரலை நனைத்திருந்தது.

என்னைச் சுற்றி ஐந்து பேர். டார்ச் பிடித்துக்கொண்டிருந்த தேவசகாயம் சார். இறக்கையைத் தொட்டில் குழந்தை போல இரண்டு கையிலும் ஏந்தியிருந்த நூர்ஜஹான். மூச்சுவிடாமல் எட்டிப் பார்த்த மூன்று ஜூனியர் பெண்கள்.

"போயிருச்சா?" என்றார் சார்.

"போயிருச்சு சார்."

சொல்லிவிட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஊசியைத் தாவணி முந்தியில் துடைத்து, யாரும் பார்ப்பதற்குள் டப்பாவில் போட்டு மூடினேன்.

"தனத்தோட கைன்னா தனத்தோட கைதான்" என்றாள் ஒரு ஜூனியர்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். தகரக் கூரைக்குக் கீழே அனலாக இருந்தது. டப்பாவை விடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாசகி கேட்டது

இந்தத் தொடரைப் படித்துவரும் ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "ஹாஸ்டல் சுவர் ஏறியதையும் வார்டனிடம் வாதாடியதையும் எழுதுகிறீர்கள். நீங்கள் எதற்குமே பயந்ததில்லையா அம்மா?"

பயந்திருக்கிறேன் தாயே. பாம்புக்கும் வார்டனுக்கும் பயப்படாதவள்தான். வெற்றிலைக் கொடிக்காலுக்குள் வளர்ந்தவளுக்குப் பாம்பு அக்கம்பக்கத்து ஆள் மாதிரி. ஆனால் என் வாழ்க்கையில் இரண்டு நாள் முழுக்க வயிற்றுக்குள் ஒரு எலியை வைத்துக்கொண்டு திரிந்தேன். அந்த எலியை உள்ளே விட்டதும் நானேதான்.

அதைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். இதுவரை எழுதாமல் இருந்ததற்குக் காரணம், அதில் நான் நல்லவளாக வரமாட்டேன் என்பது.

கம்பியில் சுற்றும் விமானம்

எழுபதுகளின் கடைசி. மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ். சோழவந்தானிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன். அந்தக் கல்லூரியில் மாதிரி விமானம் செய்யும் ஒரு கிளப் இருந்தது என்றால் இன்றைக்கு என் பேத்திகூட நம்பமாட்டாள். எப்படியோ இருந்தது. இருபத்திரண்டு பெண்கள். நடத்தியவர் தேவசகாயம் சார். பட்டாளத்தில் விமான மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வெயிலிலும் தலையில் ஒரு நீலத் தொப்பி. அதைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை.

பொம்மை விமானம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு ஆள் கை நீளத்துக்கு இறக்கை. பால்சா என்று ஒரு கட்டை உண்டு, நெட்டி மாதிரி கனமே இருக்காது. அதில் விலா விலாவாக அறுத்து ஒட்டி, மேலே பட்டுத் துணி போர்த்தி, வார்னிஷ் பூசி, முறம் மாதிரி விறைப்பாக்க வேண்டும். மூக்கில் கட்டைவிரல் அளவு என்ஜின். ஈதரும் மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்றினால் அது அலறுகிற அலறலில் பக்கத்தில் நிற்பவர் பேச்சு காதில் விழாது.

இந்த விமானம் தன்னிஷ்டத்துக்குப் பறக்காது. மைதானத்தின் நடுவில் ஒருத்தி கைப்பிடியோடு நிற்பாள். கைப்பிடியிலிருந்து தலைமுடி மாதிரி இரண்டு எஃகுக் கம்பிகள், ஐம்பது அடி நீளம், விமானத்தின் இடது இறக்கைக்குள் போகும். கட்டிப்போட்ட செக்குமாடு மாதிரி விமானம் அவளைச் சுற்றிச் சுற்றி வரும். மணிக்கட்டை மேலே சாய்த்தால் ஏறும், கீழே சாய்த்தால் இறங்கும்.

இறக்கைக்குள் போன கம்பிகள் ஒரு முக்கோணத் தகட்டில் முடியும். அந்தத் தகட்டைத் தீப்பெட்டி அளவு பிளைவுட் துண்டில் முடுக்கி, அந்தத் துண்டை இரண்டு விலாக்களுக்கு நடுவே பசை போட்டு ஒட்டியிருப்போம். சுற்றும்போது விமானம் வெளியே பிய்த்துக்கொண்டு ஓடப் பார்க்கும் இழுப்பு முழுவதையும் தாங்குவது அந்த ஒட்டு ஒன்றுதான்.

ஒட்டு விட்டால்?

சார் அதை ஒரே ஒரு தடவைதான் சொன்னார். வடக்கே ஏதோ ஒரு ஊரில், கம்பியை விட்ட விமானம், வேடிக்கை பார்ப்பவர்களுக்காகக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்ற கடலைக்காரர் கழுத்தில் பாய்ந்ததாம். "ஆளு பொழச்சுக்கிட்டாரு. ஆனா அதுக்கப்புறம் பேச்சு வரல" என்றார். 

மாட்டு ஊசி

எங்களில் விமானம் ஓட்டுவதில் கெட்டிக்காரி நூர்ஜஹான். கோரிப்பாளையத்துப் பெண். அவள் அத்தா, அதாவது அப்பா, காதர் மாமா அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தார். நான் அவருக்குத் தனம் புள்ள. அவர் எனக்கு மாமா.

மாதிரி விமானம் ஓட்டுகிறவர்களுக்கு வெளியூரில் பத்து நாள் கேம்ப் வந்தது. நூர்ஜஹானைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மாமா முடியாது என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "காலேஜு விழாவுக்கு வாரேன். நீ என்ன செய்றேன்னு என் கண்ணால பாக்குறேன். அப்புறம் பேசுவோம்" என்றாராம். விழா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்.

வியாழக்கிழமை என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தபோது இறக்கைக்குள் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். சார் என்ஜினை நிறுத்தி, கம்பியைக் கையால் இழுத்துப் பார்த்தார். கெட்டியாகத்தான் இருந்தது. மறுபடியும் ஓடவிட்டார். மறுபடியும் டிக் டிக்.

"பிளைவுட்டு ஒட்டு விட்டுக்கிட்டு வருது. கையால இழுத்தாத் தெரியாது, அதிர்வுலதான் தெரியும்" என்றார்.

பட்டுத் துணியைப் பிரித்து ஒட்டினால் மறுபடி போர்த்தி, பூசி, காயவைக்க ஒரு வாரம் ஆகும். வேறு வழி ஒன்றுதான். வயிற்றுப்பக்கம், வாலை அசைக்கும் கம்பி வெளியே வருவதற்காக ஒரு பிளவு விட்டிருந்தோம். தீக்குச்சி நுழையும் அகலம். அது வழியாக உள்ளே ஊசி விட்டு, விலாக்களுக்கு நடுவே உள்ள இரண்டாவது அறைக்குள் திருப்பி, கண்ணுக்குத் தெரியாத அந்தத் துண்டின் ஓரத்தில் பசையை இறக்க வேண்டும்.

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

காரணம் உண்டு. பிசிக்ஸ் லேபில் மைக்ராஸ்கோப்புக்குள் குறி பார்க்கும் குறுக்கு இழை அறுந்தால் சிலந்தி நூலை ஒட்டுவது நான். டெமான்ஸ்ட்ரேட்டரே என்னைக் கூப்பிட்டனுப்புவார். எனக்குப் பாட்டு வராது, ஓடத் தெரியாது, நிறமும் சுமார்தான். நடுங்காத கை ஒன்றுதான் எனக்கென்று இருந்த பெருமை.

சாதாரண ஊசியில் அந்தப் பசை ஏறாது. இரண்டு டியூபைக் கலந்து போடுகிற பசை, ஜிலேபி மாவு மாதிரி இருக்கும். எங்கள் அக்கா வீட்டுக்காரர் கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். வேறொரு விமானத்துக்காக அவரிடம் முந்தின மாதமே பழைய மாட்டு ஊசிகள் மூன்று வாங்கி வைத்திருந்தேன்.

"என்னத்துக்குத்தா?"

"பசை போட மச்சான்."

"மனுசனுக்கு மட்டும் போட்டுறாத. ஜன்மத்துக்கும் எந்திரிக்க மாட்டான்."

மெழுகுவர்த்தியில் ஊசியைக் காய்ச்சி, நுனியை வளைத்தேன். பசையை மொட்டைமாடி வெயிலில் வைத்து இளக்கினேன். வெயிலில் இளகும் பசை சீக்கிரம் இறுகவும் செய்யும். கண்ணாடி சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டு படியிறங்கி ஓடிவந்தேன். அட்டைப்பெட்டிக்குள் கோந்து வைத்து ஐந்து முறை பழகியிருந்தேன். ஐந்து முறையும் சரியாக விழுந்தது.

ஆறாவது முறை, நிஜத்தில், உள்ளே எங்கேயோ ஊசி முனை மரத்தில் குத்தி நின்றது. பிஸ்டன் நகரவில்லை. அமுக்கினேன். நகரவில்லை. இன்னும் அமுக்கினேன். சட்டென்று தளர்ந்து கொடுத்தது. எல்லோரும் 'ஆங்' என்று மூச்சு விட்டார்கள்.

பசை ஊசி வழியாகப் போகவில்லை, பக்கவாட்டில் பிதுங்கிவிட்டது என்பது முனையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது.

டப்பாவில் இன்னும் இரண்டு ஊசிகள் இருந்தன. பசையும் இருந்தது. "அடைச்சுக்கிச்சு சார், இன்னொரு தடவ போடுறேன்" என்றால் போதும். பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷத்தை நான் ஏன் கேட்கவில்லை என்று நாற்பது வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஐந்து பேர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதைத் தவிர வேறு பதில் கிடைத்ததில்லை.

இரண்டு நாள்

மனசு முதலில் வக்கீல் வேலை பார்த்தது. கொஞ்சமாவது போயிருக்கும். முனையில் இருந்த தூள் வெளியே எடுக்கும்போது ஒட்டியிருக்கும். பழைய ஒட்டே பாதி இருக்கிறதே.

சாயங்காலம் தாவணி முந்தி இடுப்பில் உறுத்தியது. ஊசியைத் துடைத்த இடத்தில் பசை இறுகி, பொருக்கு மாதிரி ஆகியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. அம்புட்டுக் கெட்டி. ஒரு துளி என் தாவணியில் இவ்வளவு கெட்டியாகப் பிடித்திருக்கிறதே, அங்கே உள்ளே ஒன்றும் இல்லையே என்று நினைத்து, அந்த இடத்தை உள்பக்கம் மடித்துச் செருகிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை முதல் வேலையாக ஷெட்டுக்குப் போனேன். இன்னொரு முறை யாருக்கும் தெரியாமல் ஊசி போட்டுவிடலாம் என்று எண்ணம். பூட்டியிருந்தது. சாவி சாரிடம். சார் தல்லாகுளத்தில் விழாவுக்குப் பந்தல்காரரைப் பார்க்கப் போயிருந்தார். ஷெட் ஜன்னல் வழியே பார்த்தேன். ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது விமானம். சிவப்பு வார்னிஷ் பளபளத்தது. அதற்குப் பெயர் வைத்ததும் நான்தான்: மைனா.

சார் வந்ததும் சொல்லிவிடுவது என்று வாசல் மரத்தடியில் உட்கார்ந்தேன். சாருக்கு முன்னால் நூர்ஜஹான் வந்தாள். ஓடிவந்த வேகத்தில் மூச்சு வாங்கியது.

"ஏ தனம், அம்மாவும் வாராங்களாம்! தங்கச்சிக ரெண்டு பேரும் வாராளுக. அத்தா கடைய மூடிட்டு வாராராம்டீ. எங்க அத்தா கடைய மூடி நான் பாத்ததே இல்ல!"

என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

"நீ ஏன் ஒரு மாதிரி இருக்க?"

"தலவலி."

இப்போது சொன்னால் விமானத்தைப் பிரிப்பார்கள். விழாவில் பறக்காது. மாமா பார்க்கமாட்டார். கேம்ப் போச்சு. பிரித்துப் பார்க்கும்போது உள்ளே ஒட்டு நன்றாக இருந்துவிட்டால்? வீணாக அவள் வாழ்க்கையில் மண் போட்டவள் ஆவேன். சொல்லாமல் விட்டு, ஒட்டு விட்டால்? அங்கே வரும்போதெல்லாம் என் மனசு அந்தக் கடலைக்காரர் கழுத்தில் போய் நின்றது. சொல்ல முடியவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

ஞாயிறு மத்தியானம் சார் கம்பியை இழுத்துப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்குத்தா. சபாஷ்" என்று என் தலையில் ஒரு தட்டு தட்டினார். ஒரு நிமிஷம் உயிர் வந்தது. வியாழக்கிழமையும் கையால் இழுத்தபோது கல் மாதிரிதானே இருந்தது என்று ஞாபகம் வந்ததும் அந்த உயிரும் போய்விட்டது. என்ஜினை ஓடவிட்டுப் பார்க்க நேரமில்லை. மைதானத்தில் சுண்ணாம்பு வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பசை, பயம்

வட்டத்துக்கு வெளியே ஒரு கயிறு. கயிற்றுக்கு வெளியே நாற்காலிகள். ஒரு பக்கம் பெற்றோர்கள், அவர்களுக்குப் பின்னால் மார்பளவு மதில்சுவர். எதிர்ப்பக்கம் மாணவிகள். முன்வரிசையில் காதர் மாமா, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுத வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நூர்ஜஹானின் அம்மா. சின்னப் பெண்கள் இரண்டும் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

விமானத்தைப் பிடித்துக்கொண்டு, நடுவில் நிற்பவள் கை தூக்கியதும் விடுகிற வேலை எனக்கு.

சார் என்ஜின் விசிறியைச் சுண்டினார். பிடித்துக்கொண்டது. விளக்கெண்ணெய்த் துளிகள் சூடாக என் முகத்தில் தெறித்தன. என் கைக்குள் அந்த உடம்பு கூண்டில் போட்ட கோழி மாதிரி துடித்தது. காதை இறக்கையோடு வைத்துக் கேட்டேன். டிக் டிக் வருகிறதா? அலறலில் எதுவும் கேட்கவில்லை.

ஐம்பது அடி தள்ளி நூர்ஜஹான் கையைத் தூக்கினாள்.

நான் விடவில்லை.

மறுபடியும் தூக்கினாள். என் விரல்கள் இறுகிக்கொண்டன. மூன்றாம் முறை அவள் கையை ஆட்டிக் கத்துவது தெரிந்தது. கூட்டம் சலசலத்தது. சார் குனிந்தபடி என்னிடம் ஓடிவந்தார்.

"சார், பசை! பசை போகல சார்!" என்று அவர் முகத்துக்கு நேராகக் கத்தினேன்.

அவர் என் வாயைப் பார்த்துத் தலையாட்டினார். காதருகே குனிந்து கத்தினார்: "பயப்படாத! நா இருக்கேன்ல! பயமே வேணாம்!"

"பயம் இல்ல சார், பசை!"

"தெரியும், தெரியும். கைய எடு!"

என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அன்பாகத்தான் பிரித்தார். அப்புறம் அவரே விமானத்தை விட்டார்.

நாலு நிமிஷம்

சிவப்பாக ஒரு கோடு தரையை விட்டு எழும்பியதைப் பார்த்தேன். அடுத்த நொடி நான் ஓடிக்கொண்டிருந்தேன், வட்டத்துக்கு வெளியே, பெற்றோர் பக்கம். எதிர்ப்பக்கம் இருந்த மாணவிகளிடம் போக மைதானத்தையே சுற்ற வேண்டும். அவர்களை விட்டுவிட்டேன். அதையும் இங்கே எழுதிவைக்க வேண்டும்.

"எந்திரிங்க! பின்னால போங்க! எல்லாரும் பின்னால போங்க!"

சிரித்தார்கள். யாரோ ஒருவர், "புள்ளைக்குப் பயம் வந்துருச்சு" என்றார். ஒரு பேராசிரியை, "தனபாக்கியம், வாட் இஸ் திஸ்?" என்று அதட்டினார்.

காதர் மாமா மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"என்னம்மா?"

"மாமா, அது பிச்சுக்கிட்டு வந்துரும் மாமா. கம்பிய விட்டு வந்துரும்."

எப்படி என்று கேட்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. இரண்டு பெண்களையும் இரண்டு கையில் அள்ளினார். திரும்பி நின்று ஒரு குரல் கொடுத்தார். கோரிப்பாளையம் முக்கில் பஸ் ஹாரன்களுக்கு மேலே பேசிப் பழகிய குரல்.

"எந்திரிங்கய்யா! அத்தன பேரும் எந்திரிங்க! செவுத்துக்கு அந்தப் பக்கம் போங்க!"

பெண் பிள்ளை கத்தினால் சிரிக்கிற கூட்டம், ஆம்பளைக் குரலுக்கு எழுந்தது. நாற்காலிகள் கவிழ்ந்தன. முனகிக்கொண்டும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டும் சுவருக்குப் பின்னால் போனார்கள்.

நான் மட்டும் கவிழ்ந்த நாற்காலிகளுக்கு நடுவே நின்றேன். மைனா சுற்றியது. எதிர்ப்பக்கம் போகும்போதெல்லாம் அங்கே உட்கார்ந்திருந்த பெண்களின் முகங்களுக்கு எதிரே பறந்தது.  எத்தனை சுற்று என்று எண்ண ஆரம்பித்து, ஏழுக்கு மேல் எண்ண முடியவில்லை.

நூர்ஜஹான் மேலே ஏற்றி, தலைகீழாக ஒரு வளையம் போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. போடவில்லை. தோள் உயரத்தில், நேராக, சும்மா சுற்றிக்கொண்டே இருந்தாள். "இம்புட்டுத்தானா?" என்று சுவருக்குப் பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

என்ஜின் இருமியது. நின்றது. திடீர் மௌனத்தில் விமானம் 'ஸ்ஸ்' என்று தாழ்ந்து, புழுதியில் வயிறு தேய்த்து நின்றது.

கைதட்டினார்கள். ஒன்றும் ஆகவில்லை.

மாமா வந்து என் பக்கத்தில் நின்றார். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. "ஒண்ணும் ஆகலியேத்தா" என்றார், மெதுவாக, எனக்கு ஆறுதல் சொல்வது போல. நூர்ஜஹான் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. கோபம் என்று நினைத்தேன்.

"எங்க அத்தாவ ஏன்டீ எல்லாரு முன்னாலயும் ஓடவிட்ட?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள்.

பிளேடு

திங்கட்கிழமை ஷெட்டில் அவளும் நானும் மட்டும் இருந்தோம். "பிரிச்சுப் பாக்கணும்" என்றேன். ஏன் என்று கேட்டாள். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி முனையிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். பிளேடை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

பட்டுத் துணி 'சர்'ரென்று கிழிந்தது. ஊசியின் அடியில் பிதுங்கிய பசை பிளவுக்கு உடனே உள்ளே, முதல் அறையில், நெல்லிக்காய் மாதிரி திரண்டு, மஞ்சளாக, வெகு அழகாக இறுகியிருந்தது. ஒன்றையும் ஒட்டாமல்.

இரண்டாவது அறையில் பிளைவுட் துண்டு. மூன்று ஓரங்களில் ஒட்டு விட்டிருந்தது. நாலாவது ஓரத்தில் பழைய பசை ஒரு நகக்கண் அகலத்துக்கு. நூர்ஜஹான் விரலை வைத்தாள். விழப்போகிற பால்பல் மாதிரி ஆடியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். சத்தமே இல்லாமல் கையோடு வந்துவிட்டது.

அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். தகடும் கம்பியும் அதோடு தொங்கின. மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

நூர்ஜஹான் சொன்னது

மூன்று நாள் பேசவில்லை. வகுப்பில் வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் ஹாஸ்டல் விசிட்டர் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"எனக்குத் தெரிஞ்சுச்சு" என்றாள்.

"என்ன?"

"மூணாவது சுத்துல கைப்பிடியில ஒரு வெட்டு வெட்டுச்சு. அப்புறம் கொளகொளன்னு ஆயிருச்சு. மேல தூக்குனா லேட்டா தூக்குது. என்னமோ பிச்சுக்கிட்டு இருக்குன்னு தெரியுது, என்னன்னு தெரியல. எறக்கலாம்னா எறக்குறப்ப பிச்சுக்கிட்டா? ஏத்தலாம்னா பயம். என்ஜின் நிக்கிற வரைக்கும் கைய அசைக்கக் கூடாதுன்னு அப்பிடியே நின்னேன். நின்னேன் எங்க, சுத்துனேன்."

அவள் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒவ்வொரு சுத்துக்கும் அத்தா மூஞ்சி ஒருதடவ வரும். பச்சப்புள்ளைகள வேற ரெண்டு கையிலயும் வச்சிருக்காரு. அப்புறம் அவரு இல்ல. நாக்காலியெல்லாம் கவுந்து கெடக்கு. நீ மட்டும் நிக்கிற. என்ன ஆச்சுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? அடிச்சிருச்சோ, தூக்கிட்டுப் போயிட்டாங்களோன்னு நெனச்சேன்டீ. விமானம் கண்ணு முன்னால சுத்திக்கிட்டுத்தான் இருக்கு. ஆனாலும் நெனச்சேன்."

நான் அழுதேன். அவள் அழவில்லை.

"என் கைதான் சரியில்லன்னு மூணு நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன், திங்கக்கெழம நீ சொல்ற வரைக்கும். நீ முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஓட்டியிருக்க மாட்டேன்தான். சரி, ஓட்டுற மாதிரியே வந்திருந்தாலும், அந்தப் பயத்துல பாதிய உன்கிட்ட குடுத்திருப்பேன்ல?"

திங்கட்கிழமைக்கு முன் மூன்று நாள் எங்கிருந்து வந்தது, ஒரு ராத்திரிதானே என்று நான் கணக்குச் சொல்லவில்லை. அவளுக்கு அது மூன்று நாள்.

"அத்தாட்ட சொல்லிட்டேன்" என்றாள் கடைசியில். "'அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்தப்பவே தெரிஞ்சுச்சு'ன்னாரு. கேம்ப்புக்குப் போகச் சொல்லிட்டாரு. பிரிச்சுப் பாத்துட்டு ஓட்டுன்னு சொன்னாரு. வா, சாருட்ட போவோம்."

சனிக்கிழமை

அன்றே போனபோது சார் ஷெட்டில் ஏதோ ராவிக்கொண்டிருந்தார். சொன்னேன். கேட்டுக்கொண்டே பிளைவுட் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னைக்குப் பயமா இருக்குன்னுல்ல சொன்ன?"

"பசைன்னு சொன்னேன் சார்."

அரத்தைக் கீழே வைத்தார். ரொம்ப நேரம் தன் வலது கையையே பார்த்தார். "நாந்தான விட்டேன்" என்றார். எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "நடந்தத நடந்தபடி எழுது. சனிக்கிழம எல்லாரு முன்னாலயும் நீயே படிக்கணும்" என்றார்.

அந்த ஒரு பக்கத்தை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது. விமானத்தைக் கையில் பிடித்திருந்தபோது இருந்ததைவிட, சனிக்கிழமை அந்தக் காகிதத்தைப் பிடித்திருந்தபோது பயம் அதிகம். எதிரே இருபத்தோரு பெண்கள். நடுங்காத கை என்று பெயர் வாங்கிய கையில் காகிதம் படபடவென்று அடித்தது. 'போயிருச்சு சார் என்று பொய் சொன்னேன்' என்ற வரியைப் பாதி விழுங்கிவிட்டேன். நிறுத்தி, அந்த வரியை மறுபடி படித்தேன். முடித்துவிட்டு, என் பெயரைக் கிளப்பிலிருந்து எடுப்பார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

தகரக் கூரை வெயிலில் சடசடத்தது.

பின்வரிசையில் ஒரு பெஞ்சு நகர்ந்தது. மூன்றாம் வருஷம் படித்த ராஜேஸ்வரி எழுந்து நின்றாள். வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிற பெண்.

"சார், அந்த மஞ்ச விமானத்துல என்ஜின் போல்ட்டு ஒண்ணு உள்ள விழுந்துருச்சு. எடுக்க முடியல. மூணு போல்ட்டுலதான் ஓடுது. போன மாசத்துல இருந்து."

சார் அவளையே பார்த்தார். அவள் உட்காருவதற்குள் ஜன்னல் ஓரத்தில் இன்னொருத்தி எழுந்தாள். வாயில் கையை வைத்துக்கொண்டு, "கிளைடர் வாலுல கீறல் இருக்கு சார். மேல பெயிண்ட் அடிச்சிட்டேன்" என்றாள். அப்புறம், டார்ச் வெளிச்சத்தில் என்னை எட்டிப் பார்த்து மூச்சுவிடாமல் நின்றாளே, அந்தச் சின்ன ஜூனியர். அவள் எழுந்திருக்கும்போதே அழுதாள். கம்பி முடிச்சு ஒன்று பற்றி ஏதோ சொன்னாள், பாதி புரியவில்லை.

தேவசகாயம் சார் நீலத் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார்.

"வேற யாரு?" என்றார்.



சாயங்காலத்துக்குள் நான்கு விமானங்களைப் பிரித்து மேஜையில் போட்டோம். பட்டுத் துணி கிழிந்து, விலாக்கள் தெரிய, வரிசையாகக் கிடந்தன. அந்த வருஷம் முழுக்க எங்கள் கல்லூரி மைதானத்தில் எதுவும் பறக்கவில்லை.